இப்போது எங்கே இருக்கிறீர்கள்?

‘அட்ரஸ் அதேதானே?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். காய்ச்சலோடு வந்திருப்பவருக்கு டாக்டரைப் பார்த்தால் போதும். கிளினிக்கில் ரிஜிஸ்டர் பார்க்கும் நான் அப்படிக் கேட்பதே இல்லை. ‘இப்போ எங்கம்மா இருக்கீங்க?’ என்பேன். அவர் சொல்லச் சொல்ல, கணினியில் இருப்பதோடு ஒத்துப் பார்ப்பேன். பாதிப் பேர் ஏதோ ஒன்றை மாற்றிச் சொல்வார்கள்.

சென்னையில் ஒரே வாசலுக்கு இரண்டு எண். பழைய எண் 14 என்றால் புதிய எண் 31 ஆக இருக்கும். புதிய எண் 14 அதே தெருவில் வேறு யார் வீடோ. வெறும் ‘14’ என்று எழுதினால் ரிப்போர்ட் எடுத்துப் போகும் பையன் தவறான கதவைத்தான் தட்டுவான். காந்தி தெருவும் பிள்ளையார் கோயில் தெருவும் இல்லாத பேட்டை ஏது? அங்கே ஆறு இலக்க பின்கோடுதான் கைகொடுக்கும். எந்த மாடி, முன்பக்கமா பின்பக்கமா என்பதையும் எழுதுவேன். அடையாளத்துக்குக் கோயிலோ தண்ணீர்த் தொட்டியோ போதும். கடைப் பெயர் எழுத மாட்டேன், கடைகள் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆதாரைப் பார்த்து எழுதினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அதில் பலருக்குச் சொந்த ஊர் விலாசம்தான் இருக்கிறது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்வேன், அழிக்க மாட்டேன். உடம்புக்கு முடியாமல் போனால் பலர் திரும்பிப் போவது அங்கேதான். வாடகை வீட்டுக்காரர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். அதனால் வருஷத்துக்கு ஒரு முறையாவது புதிதாகக் கேட்கிறேன். கர்ப்பிணிகளிடம் வளைகாப்புக்குப் பிறகு எந்த ஊர், யார் வீடு என்று முன்கூட்டியே கேட்டு வைப்பேன். எட்டாம் மாத ரத்தப் பரிசோதனையில் ஏதாவது தெரியவந்து, அந்தப் பெண் தாய் வீட்டில் இருக்க, நாங்கள் புருஷன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

காசநோயில்தான் விலாசத்தின் முழு அருமை புரியும். 2012 முதல் தனியார் டாக்டர்களும் ஒவ்வொரு காசநோயாளியைப் பற்றியும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் நாங்கள் ஏற்றும் விலாசத்தை வைத்துத்தான் சுகாதாரப் பணியாளர் வீடு தேடிப் போவார், கூட இருக்கும் குழந்தைகளையும் பார்ப்பார். சாதாரணக் காசநோய்க்கே 6 மாதம் மருந்து. இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிடுபவர்கள் உண்டு. அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் விலாசம் அரைகுறையாக இருந்தால் பணியாளர் என்ன செய்வார்? பக்கத்து வீட்டில் பெயர் சொல்லி விசாரிப்பார். தெரு முழுக்க விஷயம் பரவிவிடும். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணாக இருந்தால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும்! நேராக அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் விலாசம்தான் நோயாளியின் ரகசியத்தையும் காக்கிறது.

ஆகவே இத்தகைய விவரங்களைக் கூட்டத்துக்கு நடுவே சத்தமாகக் கேட்பதில்லை; பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பேன். ‘வீட்டுக்கு யாரும் வர வேண்டாம்’ என்பவர்களும் உண்டு. அவர்களிடம் எந்த எண்ணில், எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் அவர்களே எடுப்பார்கள் என்று கேட்டு, விலாசத்துக்கு மேலேயே எழுதிவைப்பேன்.