சிறகால் முகம் மறைத்தோர்

தேம்பாவணியும் சீறாப்புராணமும் எம் வகுப்பில் அடுத்தடுத்து நடத்தப்பெறுவன. இரண்டிலும் வானவர் வருவர். "ஐயா, இவர்களும் நம் மலக்குகளும் ஒருவர்தாமா?" என்று மாணவர் ஒருவர் வினவினார். விடை தேடிக் கிறித்தவ மறையைப் புரட்டலானேன். அதனைக் கண்ணுற்ற ஊர்ப் பெரியவர், "தம்பி, நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார். அன்பின் வினாவேயாயினும் அதுவும் விடை வேண்டி நின்றது.

'மலாக்' எனும் எபிரேயச் சொல்லும் 'ஆங்கெலோஸ்' எனும் கிரேக்கச் சொல்லும் தூதர் எனவே பொருள்படும். 'மலக்கு' எனும் அரபுச் சொல் முன்னதற்கு இனமானது. ஆயினும் விவிலிய வானவர் அனைவரும் தூதுரைப்போர் அல்லர். ஆதியாகமத்தின் கேருபீன்கள் ஏதேன் தோட்டத்துக் காவலர். எசேக்கியேல் கண்ட உயிர்களுக்கு மனிதன், சிங்கம், எருது, கழுகு என நான்கு முகங்கள், நான்கு சிறகுகள். ஏசாயா கண்ட சேராபீன்களுக்கோ ஆறு சிறகுகள். இரண்டால் முகத்தையும் இரண்டால் கால்களையும் மூடி, இரண்டால் பறப்பர். பிற்காலத்தே தியொனீசியுவின் பெயரால் எழுதிய ஆசிரியர், வானவரை ஒன்பது அணிகளாக வகுத்தார்.

ஓவியரோ தம் காலத்திற்கேற்ப வரைந்தனர். உரோமாபுரியின் பிரிசில்லா நிலவறை ஓவியத்தில் மரியாளின்முன் நிற்கும் தூதருக்குச் சிறகில்லை. 1512ஆம் ஆண்டளவில் இரபேல் தீட்டிய ஓவியத்திலோ இரு சிறுவர்க்குச் சிறகு முளைத்திருக்கிறது. எசேக்கியேலை நடுங்கி விழச் செய்த காட்சிக்கும் இக்குழந்தை எழிலுக்கும் இடைவெளி பெரிது!

இஸ்தான்புல் நகரின் ஹாகியா சோபியா 537இல் தேவாலயமாக எழுந்தது, 1453இல் பள்ளிவாசலாயிற்று. அதன் குவிமாடத்தின் கீழ் ஆறு சிறகு வானவர் நால்வர் உளர். 1847-49ஆம் ஆண்டுகளின் திருப்பணியில் அவர்தம் முகங்கள் உலோக மூடியால் மறைக்கப்பட்டன. 2009இல் ஒரு முகம் திறக்கப்பட்டது.

உருவம் வேண்டாம் என்பார் முகத்தை மறைத்தனர், சிறகுகளை அழித்தாரல்லர். ஏசாயாவின் காட்சியிலோ இறைவன் திருமுன் வானவரே தம் முகத்தை மறைக்கின்றனர். காரணங்கள் வேறு; பணிவு ஒன்றே.

திருக்குர்ஆனும் இரண்டு, மூன்று, நான்கு சிறகுடைய மலக்குகளைக் கூறும். எனவே மாணவர்க்கு, "பெயரும் பணியும் பல இடங்களில் ஒக்கும், உருவம் தீட்டுவதில் வழிகள் பிரியும்" என விடையிறுத்தேன். பெரியவர்க்கு என் விடை இதுவே: அண்டை வீட்டார் எதன்முன் தலைகுனிகின்றனர் என்பதை அறிந்த பிள்ளை, அவரை எளிதில் இகழாது. தமிழ் வகுப்பு அவ்வறிவை ஊட்டாதொழியின், வேறு யார் ஊட்டுவர்?