இன்ஜினுக்குள் மணல் போனால் என்னாகும்? அம்மா கேட்ட கேள்வி!

அக்காவின் பிரசவத்துக்காக அம்மா துபாய் கிளம்புகிறார். முதல் விமானப் பயணம். டிக்கெட் போட்ட அன்றே, "ஏன்டா, அங்க முழுக்க பாலைவனமாச்சே... மணல் இன்ஜினுக்குள்ள போனா என்னாகும்?" என்றார். யாரோ வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். 'ஒண்ணும் ஆகாதும்மா' என்று சொல்லி நழுவ மனம் வரவில்லை. ஏனென்றால், ஆகும்.

ஜெட் இன்ஜினின் டர்பைன் பிளேடுகள் நிக்கல் கலந்த உலோகம். சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கிவிடும். ஆனால், அதன்மேல் மோதும் வாயுவின் சூடு அதைவிட அதிகம்! பிளேடுக்குள் ஓடும் குளிர்காற்றும், மேலே பூசிய சிர்கோனியா என்ற செராமிக்கும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. அந்தப் பூச்சின் தடிமன், பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்குள்.

நுண்ணிய மணல் சுமார் 1,200 டிகிரியில் கண்ணாடிபோல உருகி, பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். இன்ஜின் ஆறியதும் இறுகும். உலோகம் விரிந்து சுருங்கும்போது கூடவே வளைந்துகொடுத்த பூச்சு, இப்போது விறைத்துப்போய்ச் செதில் செதிலாக உரியும்.

"அப்ப அந்த இடத்துல மட்டும் பூசிட வேண்டியதுதானே?" என்றவர், அவரே பதிலும் சொன்னார். "ம்ஹூம்... பழசைச் சுரண்டாம பெயின்ட் அடிச்சா நிக்காது." ஏறக்குறைய அதேதான்!

மெல்லிய குழாய் கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். உரிந்தது அனுமதித்த அளவுக்குள் என்றால் விமானம் பறக்கலாம். அடுத்தடுத்த பரிசோதனைகளை மட்டும் சீக்கிரமே வைப்பார்கள். தாண்டினால் இன்ஜினையே இறக்க வேண்டும். (அன்றைக்கு நாங்கள் 'பயணிகள் அவதி' என்று தலைப்பு வைப்போம்!)

பணிமனையில் செராமிக்கை உரித்து, பிரைமர்போல அடியில் இருக்கும் உலோகப் பூச்சையும் அமிலத்தில் கரைத்து எடுக்கிறார்கள். பிறகு இரண்டையும் புதிதாகப் பூசுகிறார்கள். குளிர்காற்று வெளியேறும் பொடித் துளைகளைப் பூச்சு அடைத்திருந்தால், அவற்றையும் திறக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அடிப்பூச்சு பிளேடின் உலோகத்தோடு கொஞ்சம் கலந்துபோயிருக்கும். அதனால் கரைக்கும் ஒவ்வொரு முறையும் பிளேடும் சற்று மெலியும். சுவரின் தடிமனை அளந்து பார்த்து, வரம்புக்குக் கீழே போயிருந்தால் அந்த பிளேடை ஒதுக்கிவிடுகிறார்கள். மறுபடி பூச்சு கிடையாது.