வற்றிய கிணறு

"எந்த மெஷின் சொல்றதுடா சரி?"

2022ல் அக்கா இப்படிக் கேட்டபோது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு மாதம்தான் பாக்கி. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று வீடு வீடாகப் போய், கிணறுகளில் எத்தனை அடியில் தண்ணீர் என்று அளந்திருந்தாள். ஒரே கோப்பு, ஒரே நிரல். அவள் கணினியில் ஒரு சராசரி, என் லேப்டாப்பில் வேறு.

அவளுக்கு உபுண்டு 20.04 போட்டுக் கொடுத்தவன் நான். ஐந்து வருஷ ஆதரவு உண்டு, "ஓடுற மெஷின்ல கை வைக்காதே" என்றும் சொல்லியிருந்தேன். அது வெளியானது 2020 ஏப்ரல் 23. மறுநாளே ஆர் மொழியின் 4.0 பதிப்பு வந்தது. ஒரு நாள் வித்தியாசத்தில் அக்கா 3.6.3லேயே நின்றுவிட்டாள்.

அடிக்கணக்கு இருந்த பத்தியில் ஓரிடத்தில் 'வற்றியது' என்று எழுதியிருந்தாள். ஒரு சொல் கலந்தாலே பழைய ஆர் அந்தப் பத்தி முழுவதையும் வகைப்பெயர்களாக எடுத்துக்கொள்ளும். பிறகு எண்ணாக மாற்றச் சொன்னால், வகையின் வரிசை எண்ணைத் தரும். 42 அடி 17 ஆகியிருந்தது. வற்றிய கிணறு 31. எச்சரிக்கை எதுவும் இல்லை. புதிய ஆர் அந்த இடத்தைக் காலியாக விட்டு, எச்சரிக்கையும் காட்டியது.

நிரலைத் திருத்தினோம். சிரான் களஞ்சியத்தைச் சேர்த்து ஆரை மட்டும் புதுப்பித்தோம். தொகுப்புகளை மறுபடி நிறுவ ஒரு ராத்திரி போனது.

பழைய ஆர் தன் விதிப்படிதான் நடந்தது. மாறாமல் இருந்தால் சரியாக இருக்கும் என்று அவளை நம்பவைத்தது நான். அக்கா இரண்டு அத்தியாயங்களைத் திரும்ப எழுதினாள்.