எம் இல்லத்து இருப்புப்பாதை

விளையாட்டுப் பொருள்கள் சிறுவர்க்கே உரியன என்று ஒதுக்குவார் பலர். சென்ற ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழா விடுமுறை வரையில் யாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவராகவே இருந்தோம். எம் வீட்டு மேசைமேல் ஓடத்தக்க சிறு புகைவண்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தபோதுதான், அஃது எத்துணை ஆராய்ச்சிக்குரிய செயல் என்பது விளங்கிற்று. அத்தேர்வில் யாம் செய்யவிருந்த பிழையையும் அதனினின்றும் தப்பிய வகையையும் ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

எம் பாட்டனார் நிலக்கரி எஞ்சின் காலத்தில் விருதுநகர்ச் சந்திப்பில் பயர்மேனாகச் சேர்ந்து, பின்னர் ஷண்டராக நெடுநாள் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். அவர் அறிந்தது மீட்டர் அகலப் பாதை. 1992ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தால் அப்பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக அகலப் பாதைகளாயின. அவருடைய கண்ணும் இப்போது ஒடுங்கி வருகின்றது. கண் நீரழுத்த நோயால் இழந்த பார்வை மீளாதென்றும், எஞ்சியதை மருந்தினால் காக்க முயலலாம் என்றும் மருத்துவர் கூறினர். அதன்பின் அவர் பேச்சுக் குறைந்தது. மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து, தொலைவில் வண்டி செல்லும் ஒலி கேட்டால், "இது கூட்ஸ், பாரம் இல்லாமல் போகிறது" என்பார். அவ்வளவே. பார்வை முற்றும் மறையுமுன் அவர் முன்னிலையில் ஒரு வண்டியை ஓட்டிக்காட்ட வேண்டும் என்னும் ஆசை எமக்கு உண்டாயிற்று. உதவித்தொகையில் மிச்சப்படுத்தியதும், பள்ளிச் சிறார்க்குப் பாடஞ் சொல்லி ஈட்டியதும் கையில் இருந்தன.

சிறு புகைவண்டிகளின் வரலாறு நெடியது. செருமானிய நாட்டு மார்க்லின் நிறுவனத்தார் 1891ஆம் ஆண்டிலேயே லைப்சிக் நகரத்துச் சந்தையில் பொம்மை வண்டிகளைத் தண்டவாளத்தோடு காட்டினர். லிவர்ப்பூல் நகரத்தவரான பிராங்க் ஹார்ன்பி 1920ஆம் ஆண்டில் சாவி முடுக்கி ஓட்டும் வண்டிகளை விற்கத் தொடங்கினார். அவை உருவிற் பெரியன. கூடத்தின் தரை முழுதும் வேண்டின. மேசைக்கு ஏற்ற 'ஹார்ன்பி டப்ளோ' வண்டிகளை அந்நிறுவனத்தார் 1938ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இன்று சிறு இல்லங்களுக்கு ஏற்றனவாகப் பெரிதும் வழங்குவன இரண்டு வகை. முதல்வகை 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டவாளத்தில் ஓடுவது. ஐரோப்பியரும் அமெரிக்கரும் இதற்கென உண்மை வண்டியின் 87இல் ஒரு பங்காகவும், ஆங்கிலேயர் 76இல் ஒரு பங்காகவும் வண்டிகளைச் செய்வர். ஆங்கிலநாட்டு எஞ்சின்கள் இயல்பிலேயே சிறியவாதலின் அக்காலத்து மின்பொறி அவற்றின் சிற்றுருவினுள் அடங்கவில்லை. ஆகவே உடலைச் சற்றுப் பெருக்கித் தண்டவாளத்தை மட்டும் முன்போலவே விட்டனர். இரண்டாம் வகை 9 மில்லிமீட்டர் அகலமுடைய 'என்' வகை. ஆங்கிலத்திலும் செருமானியத்திலும் ஒன்பதைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தே அதற்குப் பெயராயிற்று.

பாட்டனாரின் மீட்டர் அகலப் பாதையையே அமைத்தல் ஆகாதோ என்பது எம் முதல் எண்ணம். 1000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.5 வரும், அதற்கென 12 மில்லிமீட்டர்த் தண்டவாளமும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் இருப்புப்பாதை மீட்டர் அகலமுடையது. அதன் வண்டிகளைப் 'பெமோ' என்னும் நிறுவனத்தார் அவ்வகலத்தில் அழகுறச் செய்துள்ளனர். ஆயினும் அவற்றின் விலை எம் கைக்கு எட்டாதது. அவ்வெண்ணத்தைக் கைவிட்டோம்.

எம் இல்லம் இரண்டு அறைகள் உடையது. இருப்புப்பாதைக்கென ஒதுக்கத் தகுந்த இடம், பாட்டனாரின் கட்டிலருகே உள்ள மேசை ஒன்றே. அதன் நீளம் 4 அடி; அகலம் 2 அடி, அஃதாவது 610 மில்லிமீட்டர். இவ்விடத்திலேதான் பலரும் தவறுவர். வண்டியின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டுப் பின்னர் வளைவை எண்ணுவர். ஹார்ன்பி தண்டவாளத்தின் மிகக் குறுகிய பொது வளைவின் ஆரம் 371 மில்லிமீட்டர். வண்டி சுற்றிவர அதன் இருமடங்கான 742 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். ஓரத்து இடமோ அதற்கும் மேல். எம் மேசையில் அவ்வட்டம் அடங்காது. 'என்' வகையில் ஆரம் 249 மில்லிமீட்டராக உள்ள வளைவு கிடைக்கும், அது அடங்கும். 20 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி ஆங்கில அளவில் 26 சென்டிமீட்டர் நீளும். 160இல் ஒரு பங்கான 'என்' அளவிலோ 12.5 சென்டிமீட்டரே. கணக்கு முழுதும் 'என்' வகைக்கே சார்பாக நின்றது. ஐந்து பெட்டிகள் பூட்டிய விரைவு வண்டி மேசையைச் சுற்றிப் பறக்கும் காட்சி எம் மனக்கண்ணில் தோன்றியது. பணம் அனுப்பும் தறுவாயில் இருந்தோம்.

நல்வாய்ப்பாக, விடுதி நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த 'என்' வகை வண்டியை இரு நாள்களுக்கு இரவல் தந்தார். அதனை மேசைமேல் ஓட்டி, "தாத்தா, பாருங்கள்" என்றோம். அவர் ஒலி வந்த பக்கம் முகந்திருப்பினார். எஞ்சினைக் கையில் எடுத்துத் தடவி, "தம்பி, இதில் முன்பக்கம் எது?" என்றார். பின்னர்த் தாமே அதனைத் தண்டவாளத்தில் வைக்க முயன்றார். அச்சிறு சக்கரங்கள் அவர் விரலுக்குத் தென்படவில்லை. இருமுறை முயன்று, ஒன்றும் சொல்லாமல் எம் கையில் கொடுத்துவிட்டார். எமக்கு நாணம் உண்டாயிற்று. இடத்தை அளந்தோம், வளைவை அளந்தோம், விலையை எண்ணினோம். ஓட்டப்போகும் கைகளை மட்டும் எண்ணாதிருந்தோம்.

மறுநாள் வேறு வழி தேடினோம். வண்டி வட்டமாகவே ஓடவேண்டும் என்பது என்ன கட்டாயம்? இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பார் வகுத்த 'இங்கிள்நூக்' என்னும் அமைப்பைப் பற்றிப் படித்தோம். அதற்கு வட்டம் வேண்டா. நீளம் 4 அடியும் அகலம் 1 அடியும் உள்ள பலகை போதும். இரண்டு பாயிண்டுகள், மூன்று கிளைப்பாதைகள். ஒரு கிளையில் ஐந்து சரக்குப் பெட்டிகள் நிற்கும். மற்ற இரண்டில் மும்மூன்று நிற்கும். எஞ்சின் முன்னும் பின்னும் செல்லும் தலைப்பாதையில் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் மட்டுமே கொள்ளும். எட்டுப் பெட்டிகளில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே கோத்து வண்டி அமைத்தல் வேண்டும். அவ்வரிசைகள் 6,720 ஆகும். இதுவன்றோ ஷண்டரின் தொழில்!

ஆகவே 76இல் ஒரு பங்கான வகையையே தேர்ந்தோம். எஞ்சினைத் தெரிதலிலும் ஒரு நுட்பம் உண்டு. தண்டவாளத்தில் பாயும் 12 வோல்ட் மின்சாரத்தைச் சக்கரங்களே பொறிக்கு ஏற்றுகின்றன. பாயிண்டின் நடுவே மின்சாரம் பாயாத பிளாஸ்டிக் துண்டு இருக்குமாயின், நான்கு சக்கரங்களே உடைய குட்டி எஞ்சின் அதன்மேல் நின்றுவிடுவதுண்டு. ஆறு சக்கரங்களாலும் மின்சாரம் ஏற்கும் எஞ்சின் அவ்வாறு எளிதில் நில்லாது. விரைவைப் பாராது மெல்ல ஊரும் திறத்தையே பார்த்து, பழைய ஆறுசக்கரத் தொட்டி எஞ்சின் ஒன்றை வாங்கினோம். பெட்டிகள் எட்டையும் விரலால் அறியுமாறு வேறுவேறாகத் தேர்ந்தோம்: உருண்டைத் தொட்டி ஒன்று, கூரையுடையது ஒன்று, கரி ஏற்றியது, மரத்துண்டு ஏற்றியது, மணல் ஒட்டியது, துணி போர்த்தியது, வெறும் திறந்த பெட்டி, தட்டைப் பெட்டி.

விழாவுக்கு முந்திய இரவு பலகையை அவர்முன் வைத்தோம். பாட்டனார் தண்டவாளத்தை முனையிலிருந்து முனைவரை தடவி, பாயிண்டுகளை இருமுறை தள்ளிப்பார்த்து, "இது யார்டு" என்றார். சீட்டுகளை யாம் படித்தோம். அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு விசையைத் திருப்பினார். எஞ்சின் மெல்லச் சென்று பெட்டியைத் தொட்டது. யாம் ஒருமுறை ஓட்டியபோது பெட்டிகள் மோதிக் குலுங்கின. "முட்டாதே, தம்பி! உள்ளே சரக்கு இருக்கிறது" என்று எம்மைக் கடிந்துகொண்டார். பல திங்களாக அவர் எம்மைக் கடிந்ததில்லை. அன்று எமக்கு அச்சொல்லே பரிசாயிற்று. யாம் பன்னிரண்டு நகர்வுகளில் முடித்ததை அவர் ஒன்பதில் முடித்தார்.

விரைவு வண்டியின் அழகை யாவரும் காண்பர். இருளில் நின்று அதன் பெட்டிகளை வரிசைப்படுத்திக் கோத்தவரை எவர் காண்பர்? பாட்டனாரின் பணி இன்னதென்பதை யாம் பத்தொன்பதாம் வயதில், 4 அடிப் பலகையின்முன் அமர்ந்தே அறிந்தோம்.

இல்லத்தில் சிறு இருப்புப்பாதை அமைக்க விரும்பும் தோழர்க்கு யாம் கூறுவது இது. முதலில் இடத்தை அளந்து, பின்னர் வளைவை எண்ணுக. மெல்ல ஓடும் எஞ்சினை நாடுக. இவற்றிற்கெல்லாம் முன்னதாக, அதனை ஓட்டப்போகும் கைகளை ஒருமுறை பற்றிப் பார்க்க. பாட்டனாரின் வலக்கண் இப்போது ஒளியை மட்டுமே உணர்கின்றது. ஆயினும் இரவு உணவு முடிந்ததும், "சீட்டை எடு, தம்பி" என்னும் குரல் கட்டிலிலிருந்து தவறாமல் வருகின்றது.