கப்பல்ல டின்னர்... வேட்டி கட்டிக்கலாமா?

கல்யாண ரிசப்ஷன்னா நாம பெருசா யோசிக்க மாட்டோம். இருக்கிறதிலேயே கசங்காத சட்டையை மாட்டிக்கிட்டு முதல் பந்திக்கு ஓடிடுவோம். ஆனா, அட்லாண்டிக் கடலுக்கு நடுவுல ஒரு கப்பல்ல டின்னர்னா? அங்கே 'இன்னிக்கு என்ன சாப்பாடு?'னு கேக்கறதுக்கு முன்னாடியே, 'இன்னிக்கு என்ன டிரெஸ்?'னு கேட்டாகணும்!

கப்பல் பேரு 'குயின் மேரி 2'. பிரான்ஸ்ல கட்டி, 2004 ஜனவரியில முதல் பயணம் கிளம்பினது. நீளம் 345 மீட்டர். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன்ல ஏறினா, நியூயார்க் போய்ச் சேர வழக்கமா ஏழு ராத்திரி. விமானத்துல எட்டு மணி நேரத்துல முடியற தூரம்! அதனால இந்தக் கப்பல்ல ஏறுற யாருக்கும் அவசரம் கிடையாது. போதாக்குறைக்கு நியூயார்க் பக்கம் போகும்போது, வழியில அஞ்சு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க. அதாவது, அஞ்சு நாளைக்கு உங்களுக்கு 25 மணி நேரம். கூடுதலா கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம், கண்ணாடி முன்னாடி நிக்கிறதுக்குன்னு வெச்சுக்கோங்களேன்!

ரூல்ஸ் ரொம்ப சிம்பிள். பகல்ல எப்படி வேணா சுத்தலாம். சாயங்காலம் ஆறு மணி அடிச்சிட்டா, ஷார்ட்ஸும் கிழிஞ்ச ஜீன்ஸும் பெட்டிக்குள்ளே போயிடணும். ஒரு பயணத்துல வழக்கமா ரெண்டு ராத்திரி 'காலா நைட்'. அன்னிக்கு ஆண்களுக்கு டக்ஸிடோ அல்லது டை கட்டின டார்க் சூட், பெண்களுக்கு ஈவினிங் கவுன். (டக்ஸிடோங்கிறது, நியூயார்க் மாநிலத்துல இருக்கிற டக்ஸிடோ பார்க்ங்கிற ஊரிலிருந்து வந்த பேரு. மதுரை சுங்குடி மாதிரி, ஊர் பேரே துணி பேரா ஆயிடுச்சு!)

இந்த பந்தாவெல்லாம் எங்கேருந்து வந்தது? விமானம் இல்லாத காலத்துல பணக்காரங்க கடலைத் தாண்டணும்னா கப்பல் மட்டும்தான். 1935-ல ஓட ஆரம்பிச்ச 'நார்மண்டி'ங்கிற பிரெஞ்சுக் கப்பல்ல, முதல் வகுப்பு சாப்பாட்டுக்கூடத்தோட நீளம் மட்டும் 305 அடி. படியில இறங்கி வர்றவங்களை எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி வாசல் வெச்சிருந்தாங்க. சாப்பிட வந்தாங்களோ இல்லையோ, ஷோ காட்ட வந்தாங்க!

அப்பவும் ஒரு சலுகை உண்டு. முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் அலங்காரம் வேண்டாம். முதல் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்க மாட்டாங்க. கடைசி நாள் எல்லாத்தையும் மூட்டை கட்டியிருப்பாங்க. இன்னிக்கும் 'காலா நைட்' நடுவுலதான் வரும். நூறு வருஷத்து சம்பிரதாயத்துக்குப் பின்னாடி இருக்கிற லாஜிக், வெறும் பேக்கிங்!

1997-ல வந்த 'டைட்டானிக்' படம் ஞாபகம் இருக்கா? மூணாம் வகுப்பு ஜாக், கடன் வாங்கின கோட்டைப் போட்டுக்கிட்டு முதல் வகுப்பு டின்னருக்குப் போவானே... கோட்டு மாறினதும் கதவு தானா திறக்கும். டிரெஸ்ங்கிறது அன்னிக்கு டிக்கெட்டோட இன்னொரு பாதி. குயின் மேரி 2-ல இன்னிக்கு எல்லாருக்கும் ஒரே டிரெஸ் ரூல்தான். ஆனா, எந்த ரெஸ்டாரன்ட்ல உட்காரணும்னு முடிவு பண்றது உங்க அறை. சாதாரண கேபின்னா 'பிரிட்டானியா'. காஸ்ட்லி சூட் அறைன்னா 'பிரின்சஸ் கிரில்', 'குயின்ஸ் கிரில்'. கோட்டு சமம், மேஜை சமம் இல்லை. புரியுதா பாஸ்?

சரி, எல்லாக் கப்பலும் இப்படியான்னா, இல்லை. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000-லேயே 'ஃப்ரீஸ்டைல்'னு சொல்லி, கட்டாய ஃபார்மல் உடைக்கு டாட்டா காட்டிடுச்சு. செலிப்ரிட்டி கப்பல்கள்ல 2015 கடைசியில ஃபார்மல் நைட் போய், கொஞ்சம் லேசான 'ஈவினிங் சிக்' வந்தது.

இப்போ நம்ம மேட்டருக்கு வருவோம். நம்மகிட்ட டக்ஸிடோ ஏது? கவலையே படாதீங்க. குயின் மேரி 2-வோட விதியிலேயே 'சம்பிரதாயமான தேசிய உடை'க்கும் இடம் இருக்கு. ஸ்காட்லாந்துக்காரர் முழங்கால் தெரிய கில்ட் கட்டிக்கிட்டு கம்பீரமா வருவார். அம்மா பீரோவுல தூங்குற காஞ்சிப் பட்டு அந்த ஹால்ல இறங்கினா, ஈவினிங் கவுன் எல்லாம் ஓரமா நிக்கும். அப்போ, பட்டு வேட்டி?

இந்தக் கேள்வி நமக்கு வெறும் ஃபேஷன் கேள்வி இல்லை. 2014 ஜூலையில சென்னை சேப்பாக்கத்துல ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடலை. வெள்ளைக்காரன் போய் 67 வருஷம் ஆகியும் வாசல்ல அவன் ரூல்! அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் வந்தது. வேட்டி கட்டினவரைத் தடுத்தா ஓராண்டு வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம்.

அந்தச் சட்டம் அட்லாண்டிக்ல செல்லாது. ஆனா வேடிக்கையைப் பாருங்க... டின்னர் ஜாக்கெட் சம்பிரதாயத்தை உலகம் பூரா சுமந்துக்கிட்டுப் போன கம்பெனியே, தன் கப்பல்ல 'உங்க ஊர் நல்ல உடையில வாங்க'ன்னு ஒரு வரி எழுதி வெச்சிருக்கு. இங்கே இருக்கிற கிளப்புக்குத்தான் அது தோணலை. கில்ட்டை விடற வாசல்ல வேட்டியை நிறுத்த எந்த நியாயமும் இல்லை. இருந்தாலும் டிக்கெட் போடும்போதே ஒரு வார்த்தை கேட்டு வெச்சுக்கிறது புத்திசாலித்தனம்.

பெட்டி கட்டறதுக்கு முன்னாடி சில டிப்ஸ். ஹாஸ்டல் மாதிரியே கப்பல் கேபின்லயும் அயர்ன் பாக்ஸுக்குத் தடா. நடுக்கடல்ல தீப்பிடிச்சா ஓட இடம் இல்லையே! குயின் மேரி 2-ல பொதுவான சலவை அறை இருக்கு, அங்கேயே தேய்ச்சுக்கலாம். பெரிய ஏ.சி. ஹால்ல குளிர் ஏறும், ஒரு சால்வை அவசியம். சும்மா டிரெஸ் பண்ண மூடு இல்லையா? 'கிங்ஸ் கோர்ட்' பஃபேயோ, 'கோல்டன் லயன்' பப்போ போங்க. யாரும் முறைக்க மாட்டாங்க.

இன்ஜினீயரிங் பசங்களுக்கு ஒரு ஸ்பெஷல். டின்னர்ல ஆபீஸர்ங்க தோள்பட்டையைப் பாருங்க. பிரிட்டிஷ் கப்பல் மரபுல, தங்கக் கோடுகளுக்கு நடுவுல ஊதா நிறம் இருந்தா அவர் இன்ஜினீயர். 1912-ல டைட்டானிக் மூழ்கினப்போ, அதுல இருந்த இன்ஜினீயர்கள்ல ஒருத்தர்கூடப் பிழைக்கலை. அந்த ஹால்ல இருக்கிற உடைகள்லயே, காசு கொடுத்து வாங்க முடியாதது அந்த ஊதாக் கோடு மட்டும்தான்.

இதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 2022 ஜூன்ல நம்ம சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் கிளம்பியாச்சு. நாளைக்கு உங்களுக்கும் சான்ஸ் வரும். அன்னிக்கு ஒரே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த டிரெஸ் ரூல், சாயங்காலத்தை அழகாக்க வெச்சதா, இல்லை உங்களை வாசல்லயே வடிகட்ட வெச்சதா? முதல்ல சொன்னதுன்னா, ஜம்முனு உடுத்திக்கிட்டு சந்தோஷமா போங்க. ரெண்டாவதுன்னா, வேற கப்பல் பாருங்க.

வர்ட்டா!