மொட்டைக் கடிதமும் புனைபெயரும்

கையெழுத்தில்லாமல் வந்து சேரும் கடிதத்திற்கு நம் மக்கள் ‘மொட்டைக் கடிதம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அப்பெயரிலேயே ஓர் இகழ்ச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்தவர் எவரும் இவ்வகைக் கடிதத்தைக் காணாமல் பணி ஓய்வு பெறுவதில்லை. படிக்காமல் கிழித்தெறிந்துவிடு என்பது மூத்தோர் கூறும் அறிவுரை. நானோ அவற்றைப் படித்துவிடுகிறேன். அவற்றுட் சில, பிறர்மீது சேறு வாரி இறைப்பதற்கென்றே எழுதப்பட்டவை. வேறு சில, தன் பெயர் தெரிந்தால் தன் பிள்ளைக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சும் ஒரு தாயின் முறையீடுகள். இரண்டும் ஒரேவகை உறையில்தான் வருகின்றன. உறையைப் பார்த்து உள்ளிருப்பதைத் தீர்மானிக்க இயலாது என்பதே என் அனுபவம்.

ஒரு பள்ளியின் அளவில் இது சிறிய செய்தி. ஒரு நாடே தன் சினத்தைக் கையெழுத்தில்லாமல் எழுதத் தொடங்கினால் என்ன நேரும்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அந்நாட்டை எழுப்பிய எழுத்துகளிற் பல, பெயர் மறைத்தோர் எழுதியவை. இன்று அதை உலுக்கும் எழுத்துகளிலும் பல, பெயர் மறைத்தோர் எழுதுபவையே.

1722 ஆம் ஆண்டு. பாஸ்டன் நகரில் அண்ணனின் அச்சகத்தில் எடுபிடி வேலை பார்த்துத் தொழில் பழகிக்கொண்டிருந்த பெஞ்சமின் பிராங்கிளினுக்கு வயது பதினாறு. தான் எழுதியதென்று தெரிந்தால் அண்ணன் தன் ஏட்டில் வெளியிடமாட்டார் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே நடுவயதுக் கைம்பெண் ஒருத்தி எழுதுவதுபோல், ‘சைலன்ஸ் டூகுட்’ என்னும் பெயரில் மடல் தீட்டி, இரவு வேளையில் அச்சகக் கதவின் அடியில் செருகி வைத்தார். பதினான்கு மடல்கள் வெளிவந்தன. சிறுவன் என்று தள்ளப்பட்டிருக்கக் கூடிய ஒருவனின் கருத்து, பெயர் மறைந்திருந்தமையால் கருத்தாகவே மதிக்கப்பட்டது.

1776 ஆம் ஆண்டு சனவரியில் தாமஸ் பெய்னின் ‘காமன் சென்ஸ்’ என்னும் சிறு நூல் வெளிவந்தபோது, அதன் முதற்பதிப்பில் அவர் பெயர் இல்லை. அரசருக்கு எதிராக எழுதுவது உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்த காலம் அது. பின்னர் 1787 அக்டோபர் தொடங்கி அடுத்த ஆண்டுவரை, ‘பப்ளியஸ்’ என்னும் உரோமானியப் பெயரில் எண்பத்தைந்து கட்டுரைகள் வெளிவந்தன. பெரும்பாலானவை நியூயார்க் நாளேடுகளில் வந்தவை. எழுதியோர் அலெக்சாண்டர் ஆமில்டன், சேம்ஸ் மேடிசன், ஜான் ஜே ஆகிய மூவர். புதிய அரசியற் சட்டத்தை ஏற்க வேண்டுமென்று அவர்கள் வாதிட்டார்கள். அவர்களை எதிர்த்தோரும் ‘புரூட்டஸ்’, ‘கேட்டோ’ என்று பெயர் புனைந்துகொண்டனர். தனிமனித உரிமைகளுக்கு இச்சட்டத்தில் காப்பு எங்கே என்பது எதிர்த்தோர் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று. அக்கேள்வியின் விளைவாகவே 1791 இல் முதற் பத்துத் திருத்தங்கள் சட்டத்தில் இடம்பெற்றன. முகமூடி அணிந்தோர் இரு புறமும் நின்று வாதிட்டார்கள். அவ்வாதத்திலிருந்து ஒரு நாட்டிற்கு உரிமைச் சாசனம் கிடைத்தது.

இங்கு ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பப்ளியஸ் என்பது பொய்ப் பெயர்தான். ஆயினும் அது ஒரே பெயர். அக்டோபரில் பப்ளியஸ் கூறியதை மே மாதத்தில் எடுத்துக்காட்டி, அன்று அப்படிச் சொன்னீரே, இன்று இப்படிச் சொல்கிறீரே என்று எவரும் மடக்கலாம். புனைபெயருக்கும் ஒரு மானம் உண்டு. இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஞாயிறு மலர்களில் ஆண்டுக்கணக்காக ஒரு புனைபெயரைக் காத்து வளர்த்தவர்கள், பெற்றோர் இட்ட பெயரைவிட அதற்கே அதிகம் அஞ்சி எழுதியதை நாம் அறிவோம்.

பெயர் மறைப்பதை அமெரிக்கச் சட்டமும் பல இடங்களில் போற்றிக் காத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அங்குக் கட்சிகளே வாக்குச்சீட்டுகளை அச்சிட்டு வழங்கின. சீட்டின் நிறத்தையும் அளவையும் கொண்டே, ஒருவர் யாருக்கு வாக்களிக்கிறார் என்பதை முதலாளியும் கட்சிக்காரரும் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம். 1888 இல் மாசசூசெட்ஸ் மாநிலம் மறைமுக வாக்களிப்பு முறையை மாநிலம் முழுமைக்கும் கொண்டுவந்தது. பிற மாநிலங்கள் விரைவில் பின்பற்றின. வறியவனுக்கு அரசே ஒரு திரை கொடுத்தது என்று இதனைக் கூறலாம். பொதுத் தேர்வுத் தாளில் மாணவன் தன் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுவதும் இதே நோக்கத்தினால்தான்.

ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த வழக்கு ஒன்றுண்டு. 1988 ஆம் ஆண்டு ஒகாயோ மாநிலத்தில், பள்ளிகளுக்கென விதிக்கப்படவிருந்த ஒரு வரியை எதிர்த்து மெக்கின்டயர் என்னும் பெண்மணி துண்டறிக்கை வழங்கினார். அவற்றுட் சிலவற்றில் அவர் பெயர் இல்லை. அக்கறையுள்ள பெற்றோரும் வரி செலுத்துவோரும் என்று மட்டுமே குறித்திருந்தார். மாநிலச் சட்டப்படி அது குற்றம் என்று கூறி அவருக்கு நூறு டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1995 இல் ஏழு நீதிபதிகள் அவர் பக்கமும் இருவர் எதிராகவும் தீர்ப்பளித்தார்கள். அத்தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. பள்ளிக்கு வரவேண்டிய பணத்தைத் தடுக்க முயன்ற அந்தத் துண்டறிக்கை என் கைக்கு வந்திருந்தால் நான் மகிழ்ந்திருக்கமாட்டேன். எனினும் தீர்ப்பு சரியே என்று என் மனம் சொல்கிறது. தன் பிள்ளை படிக்கும் பள்ளியைப் பற்றிப் பேச அஞ்சும் தாய் எந்த நாட்டிலும் இருக்கிறாள். மாறுபட்ட நீதிபதி ஸ்காலியாவின் கருத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. பெயர் மறைந்தால் பொறுப்பும் மறையும், பொறுப்பு மறைந்தால் தீமை எளிதாகும் என்பது அவர் அச்சம்.

அவ்வச்சத்திற்கு அந்நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்த 1865 இல் டென்னசி மாநிலத்தில் தோன்றிய கூ கிளக்ஸ் கிளான் என்னும் கூட்டம், முகத்தை மூடிக்கொண்டு இரவில் சென்று, விடுதலை பெற்ற கறுப்பின மக்களைத் தாக்கியது. அவர்கள் வாக்களிக்காதபடி அச்சுறுத்தியது. வேடமிட்டுச் சென்று பிறர் உரிமையைப் பறிப்போரைத் தண்டிக்க 1871 இல் ஒரு கூட்டரசுச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. மெலியவன் கையிலிருந்தபோது கேடயமாக விளங்கிய முகத்திரை, வலியவன் கைக்குச் சென்றதும் கத்தியாக மாறிவிட்டது.

இனி, இக்காலத்திற்கு வருவோம். அமெரிக்க மக்களின் மனத்தில் இன்று ஆழ்ந்த கசப்பு படிந்திருக்கிறது. அரசாங்கம் பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று நம்பியோர் 1964 இல் 77 விழுக்காட்டினர். 2023 இல் அவ்வாறு நம்பியோர் 16 விழுக்காட்டினரே என்று பியூ ஆய்வு மையத்தின் கணக்கு கூறுகிறது. வியட்நாம் போரும் வாட்டர்கேட் ஊழலும் அந்நம்பிக்கையைச் சரித்தன. மக்கள் வாக்கை அதிகம் பெற்றவர் 2000 ஆம் ஆண்டிலும் 2016 ஆம் ஆண்டிலும் அதிபராக முடியாமற்போனார். 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 4 கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும், 6 இலட்சத்தை எட்டாத வயோமிங்குக்கும் செனட் அவையில் ஆளுக்கு இரண்டே இடங்கள். என் குரல் எங்கே கேட்கிறது என்று ஒருவன் கேட்டால் அதனை வீண் கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

கேளாத செவியின் முன் நின்று களைத்தவன், எங்கேனும் ஒரு சுவரில் கிறுக்கத் தொடங்குகிறான். அப்படியொரு சுவராக அமைந்தது 2003 இல் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் இணையத்தில் தொடங்கிய ‘ஃபோர்சேன்’. அங்கு எழுத வருவோர் பெயர் பதிய வேண்டியதில்லை. பெயரிடாத அனைவருக்கும் ‘அனானிமஸ்’ என்ற ஒரே பெயர். எழுதியவையும் சிறிது நேரத்தில் மறைந்து, புதியவற்றுக்கு இடம்விடும். அங்கே வளர்ந்த பழக்கங்கள் விந்தையானவை. ஒருவர் இட்ட படத்தை ஆயிரம் பேர் மாற்றி மாற்றிக் கேலி செய்வர். விளையாட்டாகச் சொன்னதா, மெய்யாகவே சொன்னதா என்பதைச் சொன்னவரே அறியாதபடி பேசுவர். 2008 இல் அவர்களுட் சிலர் ஒரு சமயக் குழுவை எதிர்த்துத் தெருவில் இறங்கியபோது, 1605 இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தைத் தகர்க்கச் சதி செய்த கை பாக்ஸின் முகமூடியை அணிந்து நின்றார்கள். நகைப்பும் சினமும் ஒரே முகத்தில் இருந்தன.

நகைப்பு எப்போதும் நகைப்பாகவே நிற்பதில்லை. வாசிங்டன் நகரில் ஓர் உணவகத்தின் அடித்தளத்தில் குழந்தைகள் அடைத்து வைக்கப்பட்டுள்ளனர் என்ற பொய் 2016 இல் இவ்வாறே பரவியது. அந்த உணவகத்திற்கு அடித்தளமே இல்லை. அவ்வாண்டு டிசம்பரில், குழந்தைகளை மீட்கப் போவதாக எண்ணிக்கொண்டு ஒருவன் துப்பாக்கியுடன் உள்ளே புகுந்து சுட்டான். நல்லூழாக எவருக்கும் காயமில்லை. அவனுக்கு நான்காண்டுச் சிறை கிடைத்தது. பொய்யைக் கட்டியவர்களுக்குப் பெயர் இல்லை; நம்பியவனுக்குப் பெயர் இருந்தது; சிறைக்குச் சென்றவன் அவன். மொட்டைக் கடிதம் எழுதுகிறவனைவிட, அதை நம்புகிறவனே மிகுந்த விலை கொடுக்கிறான்.

2017 அக்டோபரில் ‘கியூ’ என்னும் ஓர் எழுத்தைச் சூடிக்கொண்டு ஒருவர் அதே தளத்தில் எழுதத் தொடங்கினார். அரசின் ஆழ்ந்த இரகசியங்களை அறியும் பதவியில் தாம் இருப்பதாகக் குறிப்பு காட்டினார். அவர் முன்னறிவித்த கைது நடைபெறவில்லை. ஆயினும் நம்பினோர் பெருகினர். 2021 சனவரி 6 ஆம் நாள் நாடாளுமன்றக் கட்டடத்துள் புகுந்த கூட்டத்தில் அவரை நம்பியோரும் இருந்தனர்.

‘கியூ’ என்பதும் ஒரு புனைபெயர்தானே, பப்ளியஸுக்கும் இவருக்கும் என்ன வேற்றுமை என்று வாசகர் கேட்கலாம். வேற்றுமை உண்டு. பப்ளியஸ் தான் யார் என்பதை நம்பும்படி எவரையும் கேட்கவில்லை. தன் காரணங்களை எடுத்து வைத்தார்; கடைக்காரரும் உழவரும் அவற்றை எடைபோட்டுப் பார்க்க முடிந்தது. கியூவின் எழுத்தில் எடைபோடக் காரணம் இல்லை. நான் உள்ளிருப்பவன், என்னை நம்பு என்பதே அதன் சாரம். முகத்தை மறைத்துக்கொண்டவன் தன் முகத்தையே சான்றாகக் காட்டக் கூடாது. காட்டுவானாயின், அவனைக் கேட்காதிருப்பதே அறிவுடைமை. வாட்டர்கேட் காலத்தில் ‘வாசிங்டன் போஸ்ட்’ ஏட்டிற்கு மறைவாகத் துணைநின்ற மார்க் பெல்ட்டின் பெயர் 2005 வரை வெளிவரவில்லை. எனினும் அச்செய்தியாளர்கள் அவர் சொல்லை மட்டும் நம்பி எழுதவில்லை; பிறரிடமும் கேட்டு உறுதி செய்தார்கள்; தங்கள் பெயரையும் ஏட்டின் பெயரையும் முன்னிறுத்தினார்கள். பெயர் மறைந்த ஒருவருக்குப் பின்னால் பெயருள்ளோர் பொறுப்பேற்று நின்றனர்.

இவ்வுண்மையை நான் சிறிய அளவில் வகுப்பறையிலும் கண்டிருக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர் ஒருவர், வகுப்பில் வினாப்பெட்டி வைக்கும் முறையைக் கற்பித்தார். முதற்பணியிடத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்காக ஒரு பால்மாவு டின்னில் துளையிட்டு அதனை நான் வைத்தேன். பெயர் எழுத வேண்டாம் என்றேன். முதல் வாரத்திலேயே ஒரு சீட்டில், கரும்பலகை எழுத்து தனக்குத் தெரியவில்லை என்று இருந்தது. இன்னொன்றில், பசியாறாமல் வருவதால் தலை சுற்றுகிறது என்று இருந்தது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் அப்பிள்ளைகள் ஒருபோதும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவற்றோடு சக மாணவியின் நிறத்தைக் கேலி செய்யும் சீட்டுகளும் விழுந்தன. பெட்டியை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டு முழுவதும் அதை மாற்றக் கூடாது என்று மட்டும் கூறினேன். வானவில், புலிக்குட்டி, செம்பருத்தி என்று பெயர்கள் பிறந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரவர் வினாவுக்கு விடையைப் பலகையில் எழுதினேன். கேலிச் சீட்டுகள் மெல்லக் குறைந்தன. யார் என்று எவருக்கும் தெரியாவிட்டாலும், செம்பருத்தி நல்லவள் என்று பிறர் எண்ண வேண்டுமென்று செம்பருத்தி விரும்பத் தொடங்கிவிட்டாள். கேட்டால் விடை கிடைக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதனையடுத்துப் பயனில சொல்லாமையை வைத்தார். கண்ணெதிரே சொல்ல இயலாததை முதுகுக்குப் பின் சொல்வதும், பொருளற்றதைப் பலர்முன் சொல்வதும் அடுத்தடுத்து நிற்கும் குற்றங்கள் என்பதை இன்றைய இணைய உலகம் நமக்கு நன்கு காட்டுகிறது.

அமெரிக்காவின் கசப்புக்கு மருந்து, எல்லார் முகத்திரையையும் பிடுங்கி எறிவது என்று சிலர் கூறுகின்றனர். அவ்வாறு செய்தால் பொய்யர்களோடு அஞ்சிய தாய்மாரும் வாய்மூடிப் போவர். பெயர் மறைத்துக் கேட்டவனுக்கும் விடை கிடைக்கிறது என்ற நம்பிக்கையை ஓர் அரசு உண்டாக்க வேண்டும். அந்நம்பிக்கை வளர வளர, அச்சமின்றித் தன் பெயரைச் சொல்லிக் கேட்போர் தொகையும் வளரும். குடிமக்கள் தம் குறைகளின் கீழே கையெழுத்திடத் துணியும் நாடே நல்லாட்சி நடக்கும் நாடு; நாட்டுக்குச் சொன்னது பள்ளிக்கும் பொருந்தும்.