பெயருக்கும் பாஸ்போர்ட் வேண்டும்

பெண்ணைப் புக்ககம் அனுப்பும்போது சீர்வரிசைக்கு ஜாபிதா எழுதி வைக்கிறோம். வெளிநாடு போகும் சரக்குக்கும் பில் எழுதுகிறோம். ஆனால் அந்தச் சரக்கின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் யாருக்குச் சொந்தம் என்று எழுதி வைக்கிறோமா, சகோதரிகளே? அங்கேதான் கோட்டை விட்டுவிடுகிறோம்!

புதுச்சேரித் தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே பெரிய ஷெட்டுகளில் தொழில் நடத்துபவர்கள் ஒரு ரகம். வீட்டுக் கூடத்திலேயே நடத்துபவர்கள் இன்னொரு ரகம். என் அடுத்த வீட்டு அக்கா இரண்டாவது ரகம். நாலு பெண்களை வைத்துக்கொண்டு ஊதுபத்தி உருட்டுகிறார். பெட்டியின் மேல் காலஞ்சென்ற மாமியாரின் பெயர். பாரிஸில் கடை வைத்திருக்கும் கொழுந்தனார்தான் முக்கியமான வாடிக்கைக்காரர்.

ஒரு நாள் அவரிடமிருந்து போன் வந்தது. "அண்ணி, பத்தியின் பெயரை இங்கே என் பேரிலேயே ரிஜிஸ்தர் செய்துவிடுகிறேன். உங்களுக்கு எதற்கு அலைச்சல்?"

கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருக்கிறது, பாருங்கள்! அக்காதான் 4,500 ரூபாய் கட்டி, சென்னைக் கிண்டியிலுள்ள டிரேட் மார்க் அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறாரே, பிறகென்ன பயம் என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பதிவு இந்திய எல்லையோடு சரி. நம் நாட்டில் ஒரு பெயரை முதலில் உபயோகித்தவருக்கு மதிப்பு உண்டு. பிரான்சிலோ முதலில் பதிவு செய்தவருக்கே உரிமை. நாளைக்குக் கொழுந்தனார் கடையை விற்றால், பெயரும் கடையோடு போய்விடும். வாங்கியவர் அக்காவின் பத்தியையே அங்கே விற்கக்கூடாது என்று தடுக்கலாம். மோசடி என்று கோர்ட்டுக்குப் போகலாம்தான். வக்கீல் பீஸுக்கு எத்தனை லட்சம் பத்தி உருட்டுவது?

காந்தியடிகள் வளர்த்த காதிக்கே இந்தக் கதி நேர்ந்தது. ஜெர்மனியில் ஒரு நிறுவனம் அந்தப் பெயரை ஐரோப்பாவில் பதிவு செய்துகொள்ள, நமது காதி கிராமத் தொழில் ஆணையம் அதை எதிர்த்து முறையிட வேண்டியதாயிற்று. அதன்பின் ஆணையம் நாடு நாடாக மனுப் போட்டது. 2021-ல் பூடான், ஐக்கிய அரபு எமிரேட்ஸ், மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளில் பதிவு கிடைத்தது. அப்போது இன்னும் நாற்பது நாடுகளில் மனுக்கள் நிலுவையில் இருந்தன!

சரி, வழி என்ன? ஒரே நாடு என்றால் அந்த நாட்டிலேயே நேராக மனுப் போடலாம். பிரான்சில் ஒரு வகைச் சரக்குக்கு 190 யூரோ. நம் போன்ற வெளிநாட்டாருக்கு அங்கே ஓர் ஏஜெண்டும் வேண்டும். பல நாடுகள் என்றால் 'மாட்ரிட்' ஏற்பாடு இருக்கிறது. 2013 ஜூலை 8 முதல் இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. நம் அலுவலகத்தின் மூலமாகவே ஒரே மனு ஜெனீவாவுக்குப் போகும். அடிப்படைக் கட்டணம் 653 ஸ்விஸ் பிராங்கு. நாட்டுக்கு நாடு தனிக் கட்டணமும் உண்டு. முதல் ஐந்து வருஷத்துக்குள் இங்குள்ள பதிவு ரத்தானால் அங்குள்ளதும் விழுந்துவிடும். இன்னொரு சலுகை: இங்கே மனுக் கொடுத்த ஆறு மாதத்துக்குள் அங்கே கொடுத்தால், இங்கு கொடுத்த தேதியே அங்கும் செல்லும்.

அக்கா இரண்டு நாள் யோசித்தார். கொழுந்தனாருக்கும் அது தாயின் பெயரல்லவா? பிறகு போனில் சொன்னார்: "அம்மாவின் பெயர் உங்களுக்கும் சொந்தம்தான் தம்பி. ஆனால் பத்தியின் பெயர் இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருடைய சோறு. அது என் பேரிலேயே இருக்கட்டும். ஏஜெண்டு மட்டும் பார்த்துக் கொடுங்கள்."

இரண்டு மாதம் பாரிஸிலிருந்து போன் வரவில்லை. மூன்றாவது மாதம் ஏஜெண்டின் விலாசம் வந்தது. கூடவே வழக்கமான ஆர்டரும் வந்தது.

ஊறுகாயோ, அப்பளமோ, உங்கள் வீட்டுச் சரக்கு கடல் தாண்டப் போகிறதா? பெட்டி கட்டுவதற்கு முன்னால் பெயருக்கு ஒரு பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள்.